ஐந்து பாடமும் ஒரு திண்ணையும்

இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று யாரேனும் கேட்டால், தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து விரல்களை மடக்கிச் சொல்லிவிடுவோம். பள்ளியின் கால அட்டவணையும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிள்ளைகளின் மனத்தில் இவை ஐந்து அறைகளாக இருக்கின்றனவா, அல்லது சுவரில்லாத ஒரே கூடமாக இருக்கின்றனவா? இதைத்தான் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்லள். வீரபாண்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் என் அக்காள் மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் புத்தகப் பையைக் கவிழ்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். இருவரும் நான்காம் வகுப்பு. அவர்களோடு உட்கார்ந்து நான் கண்டவையே என் கைம்முதல்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அக்காள் எட்டாம் வகுப்போடு நின்று நூற்பாலைக்குப் போனாள். நானும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓராண்டு அங்கே நூல் முடிந்துவிட்டுத்தான் இங்கு வந்து சேர்ந்தேன். அம்மாச்சி கௌமாரியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர், எழுத்து அறியாதவர். பக்கத்து வீட்டுப் பையனின் தாய் தந்தையர் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு, ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள்; இருட்டிய பிறகே திரும்புவார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டம் இல்லையென்றால், அவன் வெறும் வயிற்றோடுதான் முதற் பாடத்தைக் கேட்பான்.

இந்தப் பையனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: 'கணக்கு வராத பையன்.' அவனும் அதை ஒப்புக்கொண்டவன்போல், கணக்குப் புத்தகத்தை எடுத்தவுடன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். ஒருநாள் ஒரு கணக்கைக் காட்டி, "இது வரல" என்றான். ஒரு பேருந்தில் 52 பேர் பயணம் செய்தனர், ஒரு நிறுத்தத்தில் 18 பேர் இறங்கினர், 9 பேர் ஏறினர், இப்போது எத்தனை பேர் என்பது கணக்கு. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "தேனியிலிருந்து கம்பம் போற பஸ்ஸு வருது. அம்பத்திரண்டு பேரு இருக்காங்க. நம்ம ஊர் ஸ்டாப்புல பதினெட்டுப் பேரு இறங்குறாங்க, ஒன்பது பேரு ஏறுறாங்க. கண்டக்டர் எத்தனை பேரை எண்ணுவாரு?" என்று கேட்டேன். சற்று மேலே பார்த்தான். "நாப்பத்து மூணு" என்றான். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை.

அப்படியானால் அவனுக்கு வராதது எது? மறுநாள் அதுபோன்ற வேறொரு கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். 'பே', 'ரு', 'ந்', 'தி', 'ல்' என்று எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கூட்டிப் போனான். வாக்கியத்தின் கடைசிக்கு வந்து சேரும்போது முதலில் என்ன இருந்தது என்பது அவனுக்கு மறந்து போயிருந்தது. இறங்கினார்களா ஏறினார்களா என்று தெரியாத நிலையில் கூட்டுவதா கழிப்பதா என்று அவன் எப்படி முடிவு செய்வான்? அவனிடம் குறைந்திருந்தது கணக்கன்று, தமிழ். ஆனால் மதிப்பெண் குறைந்தது கணக்கில்! அறிவியலிலும் இதே கதைதான். நீர் ஏன் ஆவியாகிறது என்று கேட்டால் வாயால் அழகாகச் சொல்வான். ஈரச் சேலை கொடியில் காய்வதைச் சான்று காட்டுவான். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று எழுத்தில் வந்தால் கோடு வெறுமையாகவே கிடக்கும்.

இவ்வளவு காலம் இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று எனக்கு வியப்பாக இருந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். தமிழ்ப் பாடத்தில் பாட்டு வந்தால் அவன் தயக்கமின்றிப் 'படிப்பான்.' விரல் வரியின் கீழே நகரும். கண் எதிரே இருப்பவர் முகத்தில் இருக்கும். பாட்டு முழுவதும் அவனுக்கு மனப்பாடம். நடுவில் உள்ள ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டால் முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிப்பான். இதற்கு எவ்வளவு பெரிய அறிவு வேண்டும்! படிக்கத் தெரியாததை மறைக்க, படிப்பதைவிடக் கடினமான ஒரு வித்தையை அந்தச் சின்னஞ்சிறு தலை தானே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த இருவரும் 2016இல் பிறந்தவர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நான்கு வயதைத் தொடும் பிள்ளைகள். அங்கன்வாடியில் மணலில் விரலோட்டி எழுதும் பருவம் அவர்களுக்கு வீட்டு வாசலிலேயே கழிந்தது. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளில். அவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 2022 ஜூனில்தான், திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் விளங்கப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. பாட்டு, கதை, பொம்மலாட்டம், செய்து பார்த்தல் எல்லாம் உண்டு. பிள்ளைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத் தனித்தனிப் பயிற்சி கொடுத்தார்கள். பெயர்கள் அழகானவை. ஆனால், "நான் மலரு, அவன் இன்னும் அரும்புதான்" என்று என் அக்காள் மகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பூவின் பெயரும் 'ரேங்க்'தான்! இருந்தாலும், ஒரே வகுப்பில் ஒரே வயதில் இருப்பவர்கள் ஒரே படியில் நிற்பதில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டு புத்தகம் அச்சிட்டது பெரிய காரியம் என்றே எண்ணுகிறேன்.

நான் 2011இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியில் இருந்தது வேறு முறை. செயல்வழிக் கற்றல் என்று பெயர். இக்கல்லூரியில் என் வயதில் உள்ள, அரசுப் பள்ளியில் படித்த நண்பர்கள் பலருக்கும் அந்த அட்டைகள் நினைவிருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விலங்கோ பறவையோ அடையாளமாக இருக்கும். சுவரில் ஏணிப்படி தொங்கும். நாம் எந்தப் படியில் இருக்கிறோம் என்று நாமே பார்த்து, உரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, உரிய குழுவில் பாயில் உட்கார வேண்டும். நம் உயரத்திற்குச் சுவரடியில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் நாம் வரைந்த படங்கள். ஒன்று முதல் நான்கு வரை எல்லா வகுப்பும் கலந்து உட்காரும். ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003இல் தொடங்கி, 2007-08இல் தமிழகமெங்கும் பரவிய முறை அது. அதற்குக் குறைகள் உண்டு. அட்டைகள் கிழியும், தொலையும். நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்றால் உதவி கேட்டுக் காத்திருப்பதிலேயே நேரம் போகும். ஆனால் நான்காம் வகுப்பு அக்காள் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து 'ழ'கரத்தை என் கையைப் பிடித்து எழுதப் பழக்கினாளே, அதை எந்தக் குறையும் அழித்துவிடாது.

2012-13இல் முப்பருவ முறை வந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த புத்தகங்களில், தமிழும் ஆங்கிலமும் ஒரு நூலாகவும் கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் இன்னொரு நூலாகவும் கட்டப்பட்டன. பை கனக்கக்கூடாது என்பதுதான் காரணம். எனக்கோ அது வேறொரு நன்மையைச் செய்தது. கணக்குப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனால் செடி வந்துவிடும். செடியைத் தாண்டினால் ஊராட்சி வந்துவிடும். எல்லாம் ஒரே கதை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அப்படி நினைத்தது குழந்தைத்தனம் அன்று. அதையே கல்விக் கொள்கையாகச் சொன்னவர் ஒருவர் நமக்கு வெகு அருகில் வாழ்ந்திருக்கிறார் என்பதைப் பின்னாளில் நூலகத்தில் அறிந்து மகிழ்ந்தேன். மரியா மாண்டிசோரி அம்மையார் 1870இல் இத்தாலியில் பிறந்து மருத்துவம் படித்தவர். 1907இல் ரோம் நகரில் சான் லோரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில் சிறு பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசுக்கு அவர் பகைநாட்டவர் ஆகிவிட்டார். அவர் மகன் மாரியோவைச் சில காலம் காவலில் வைத்தார்கள். 1942 முதல் 1944 வரை அவர் தங்கியது கொடைக்கானலில். வானம் தெளிந்த காலையில் எங்கள் ஊரிலிருந்து வடக்கே பார்த்தால் நீலமாகத் தெரிகிறதே, அந்த மலைத்தொடரின் மேலேதான்!

அதுவரை பெரும்பாலும் மழலையர் கல்வியைப் பற்றியே பேசிவந்த அவர், அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கவனித்தபோதுதான், ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்க்கு எதை எப்படிக் கற்பிப்பது என்ற எண்ணங்கள் அவருக்குத் திரண்டன. பிரபஞ்சக் கல்வி என்று அதற்குப் பெயர் தந்தார். உலகம் தோன்றிய கதை, உயிர் தோன்றிய கதை, மனிதன் வந்த கதை, எழுத்து பிறந்த கதை, எண் பிறந்த கதை என்று ஐந்து பெருங்கதைகளில் தொடங்கி, ஒவ்வொரு பாடமும் அவற்றின் கிளையாக வருமாம். சிறு துண்டுகளை முதலில் கொடுத்து முழுமையைப் பிறகு காட்டுவதல்ல. முழுமையை முதலில் காட்டிவிட்டுத் துண்டுகளைப் பிள்ளையே தேடி எடுக்க விடுவது. நான்கு வகுப்புகளும் கலந்து உட்கார்ந்த எங்கள் பாயிலும் அந்த அம்மையாரின் சாயலை நான் காண்கிறேன். (தொழிலாளர் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கியது. இன்றோ அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளின் கட்டண அட்டையை எங்கள் தெருவில் யாரும் படித்துப் பார்க்கவும் துணியமாட்டார்கள்.)

நம் பாடநூலிலும் இப்படி முழுமையாக வந்து நிற்கும் இடங்கள் உண்டு. நான்காம் வகுப்புச் சமூக அறிவியலில் ஐவகை நிலங்கள் வருகின்றன. கல்லூரித் தமிழ் வகுப்பில் சங்க இலக்கியத்தோடு நாம் படிக்கும் அதே திணைகள்தாம். அவற்றை நான் பாடமாக ஒப்பித்துத் தேர்வு எழுதினேன். என் அக்காள் மகளோ திண்ணையிலிருந்து கையை நீட்டினாள். "அங்கிட்டுத் தெரியிற மலை குறிஞ்சி. மேகமலைக் காடு முல்லை. ஆத்தோரத்து வயலு மருதம். ஆண்டிபட்டிப் பக்கம் காஞ்சு கெடக்கே, அது பாலையா சித்தி?" என்று கேட்டாள். காய்ந்த நிலமெல்லாம் பாலையா என்று புலவர்கள் வாதிடலாம். எனக்கு அவள் கை நீட்டிய திசைகள் போதும். பையன் ஒன்றைத்தான் கேட்டான்: "நம்மகிட்ட நெய்தல் மட்டும் ஏன் இல்ல?" அவன் இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

பேச்சு குறிஞ்சிப் பூவுக்குப் போயிற்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், 2018இல் கொடைக்கானலில் பூத்தது என்றேன். "அடுத்து 2030" என்றான் பையன் உடனே. "அப்ப எனக்கு வயசு பதினாலு." இது தாவரவியலா, கூட்டலா, இலக்கியமா? எந்தப் பாடவேளையில் அடைப்பது?

அளவைப் பாடம் வந்த நாளும் சொல்லத் தகுந்தது. சாண், முழம் போன்றவை ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே மீட்டர் வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். என் அக்காள் மகள் அளவுகோலோடு அம்மாச்சியின் முன் போய் நின்றாள்.

"அம்மாச்சி, முழத்துக்கு எத்தனை சென்டிமீட்டர்?"

"அது என்ன எழவோ, எங்கையளவுதான்டி முழம்."

அளந்தோம். அம்மாச்சியின் முழம் 43 சென்டிமீட்டர், என்னுடையது 45, அவளுடையது 33. பத்து முழம் பூவை அவள் அளந்து விற்றால் வாங்குபவருக்கு எவ்வளவு குறையும் என்று கேட்டேன். இருவரும் கணக்குப் போட்டு, சரியாக ஒரு மீட்டர் என்றார்கள். அம்மாச்சி சிரித்துக்கொண்டே, "அப்ப சித்திரைத் திருவிழாவுக்கு உன்னையே கடையில உக்கார வச்சுடுறேன்டி" என்றார். நான் இக்கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்த முதல் நாளில் கற்றதும் இதைத்தான். பிரான்சில் செவ்ரே என்ற இடத்தில் காத்துவந்த உலோக உருளையைக் கொண்டே உலகம் கிலோகிராமை வரையறுத்து வந்தது. 2019 மே 20 முதல் அதை விட்டு, இயற்கையின் மாறிலி ஒன்றைப் பிடித்துக்கொண்டது. ஆளுக்கும் பொருளுக்கும் மாறாத அளவைத் தேடுவது அறிவியலாளருக்கும் ஓயாத வேலைதான்.

பின்னப் பாடத்தில் அம்மாச்சியே ஆசிரியை ஆனார். எட்டில் ஒன்று என்பது பையனுக்குப் பிடிபடவில்லை. நான் வட்டம் வரைந்து வெட்டிக் காட்டினேன். அம்மாச்சி எட்டிப் பார்த்து, "அரைக்கால்தானே?" என்றார். உள்ளே போய்ப் பழைய படியையும் ஆழாக்கையும் எடுத்துவந்து அரிசியைக் கொட்டினார். ஆழாக்கு இரண்டு சேர்ந்தால் உழக்கு, நான்கு சேர்ந்தால் உரி, எட்டு சேர்ந்தால் படி. எட்டாவது ஆழாக்கில் படி நிறைந்தபோது பையன் கை தட்டினான். கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மாச்சிக்குக் காலில் பாதி அரைக்கால் என்பது நாவில் இருக்கிறது. பள்ளியில் 'பெற்றோர் வீட்டில் உதவ வேண்டும்' என்று சொல்லும்போதெல்லாம் எங்களைப் போன்ற வீடுகள் கூசிப் போகின்றன. எழுத்து இல்லாத வீட்டில் அறிவும் இல்லை என்று நாங்களே நம்பிவிடுகிறோம். படியையும் முழத்தையும் பள்ளிக்குள் ஒருநாள் அழைத்தால் என்ன?

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தமிழைக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது இரண்டாவது மலை. பல்கலைக்கழகப் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு அகராதி புரட்டும் எனக்கும் அது இன்னும் மலைதான்.

பையனைப் படிக்க வைக்க என்ன செய்வது என்று யோசித்தேன். அவனுக்கு மனப்பாடம் ஆகாத, நாள்தோறும் மாறுகிற எழுத்து வேண்டும். டீக்கடையில் செய்தித்தாள் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் அதில் மழைக்காலத்தில் தவறாமல் வரும். எங்கள் வயலுக்கும் எங்கள் ஊர் ஆற்றுக்கும் அந்த நீர்தானே உயிர்! மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பென்னிகுவிக்கின் கதை பிள்ளைகளுக்குத் தெரியும். அணை திறந்த 1895ஆம் ஆண்டும் தெரியும். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஒரு வேலை கொடுத்தேன். மாலையில் டீக்கடைக்குப் போய், அணைச் செய்தியைத் தானே படித்து, எண்ணைக் குறித்துவர வேண்டும். என் அக்காள் மகள் திண்ணைச் சுவரில் கரித்துண்டால் கட்டம் போட்டாள். கீழே தேதி, பக்கவாட்டில் அடி.

முதல் வாரம் எண்ணை மட்டும் கொண்டுவந்தான். 'இன்று' எது, 'நேற்று' எது என்று தெரியாமல் இரண்டையும் எழுதிவந்தான். சுவரில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது. "அணை ஒரே நாள்ல இப்படிக் குதிக்குமாடா?" என்று அவள் சண்டை பிடித்தாள். அதன்பின் எண்ணுக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் படிக்கத் தொடங்கினான். பிறகு 'வினாடிக்கு', 'கனஅடி', 'நீர்வரத்து' எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது ஒரு வாக்கியத்தைச் சற்று மெதுவாக, ஆனால் அறுக்காமல் படிக்கிறான். பேருந்துக் கணக்குப் போன்றவற்றைப் புத்தகத்திலிருந்தே போடுகிறான், எல்லாவற்றையும் இல்லை. இரண்டு வரிக்கு மேல் போனால் இன்னும் என் முகத்தைப் பார்க்கிறான்.

ஒருநாள் கேள்வியோடு வந்தான். "ஸ்கூல்ல மீட்டர்னு சொல்றாங்க. பேப்பர்ல மட்டும் ஏன் அடின்னு போடுறான்?" கட்டியவர்கள் அடியில் கட்டினார்கள், 2014இல் உச்ச நீதிமன்றம் தேக்கலாம் என்று சொன்னதும் 142 அடி என்றுதான் என்று சொல்லி, அதை மீட்டராக மாற்றச் செய்தோம். 43 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

இன்னொரு நாள் 'உபரிநீர்' என்ற சொல்லில் நின்றுவிட்டான். படித்துவிட்டான், பொருள் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாச்சி நிமிராமலே சொன்னார்: "படி நெறஞ்சு தலை தட்டுறப்ப கீழ விழுகுதுல்ல, அதுதான்டா."

பையன் சுவரில் அந்தத் தேதிக்கு நேராகக் கரியால் அந்தச் சொல்லை எழுதினான். பிறகு, விழுகிற நீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டான். கேரளத்துப் பக்கம், பெரியாற்றின் பழைய வழியிலேயே என்றேன். "கடைசியா எங்க போகும்?" கடலுக்கு என்றேன். நெய்தலுக்கா என்று கேட்டுவிட்டு, படம் வேண்டும் என்றான். கல்லூரி நூலகத்திலிருந்து நிலப்படத் தொகுப்பு ஒன்றை எடுத்துப் போக வேண்டும்.